அழகுக்கு எரிந்த வால்வு

ஸ்விட்சைப் போட்ட உடனே சத்தம் வந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான்.

வால்வு, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழல், எரிகிற ரேடியோவோடும் ஆம்ப்ளிஃபயரோடும் பழகியவர்களுக்கு இது புரியும். ஸ்விட்சைப் போட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. உள்ளே இழை மெல்லச் சிவக்கும், லேசாக ஓர் இரைச்சல் கேட்கும், இருபது முப்பது விநாடி கழித்துத்தான் குரல் தெருமுனையிலிருந்து நடந்து வருகிற மாதிரி வந்து சேரும். அப்பா ஏழேகால் செய்திக்கு ஏழு பதினாலுக்கே ரேடியோவைத் திருகி வைப்பார். இங்கே என்னடாவென்றால், ஐந்து வால்வும் கார்த்திகை விளக்கு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது, கண்ணை மூடித் திறப்பதற்குள் பாட்டு அலறுகிறது. அதுவும் நீல வெளிச்சம் போட்ட ஒரு யுஎஸ்பி பட்டையிலிருந்து.

ஊருக்குப் போன பயணத்தில் மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது, எழுத ஒன்றுமில்லை. இருபத்தாறு நாளில் ஒன்பது நாளைத் தின்ற இந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது ஷிகாகோ பக்கம். பதினெட்டு வருஷமாகிறது. அங்கே போய்க் கற்றுக்கொண்ட ஒரே நல்ல கெட்ட பழக்கம் பத்து ஓட்டை மவுத் ஆர்கனில் ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிப்பது. அந்த ஊர் ப்ளூஸில் மவுத் ஆர்கன் சும்மா மைக் முன்னால் நின்று வாசிக்கிற சமாச்சாரம் இல்லை. உருண்டை மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் காற்றுப் போகாமல் பொத்திக்கொண்டு, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் சொருகி, அது தாங்குகிற எல்லைக்கு மேலே ஊத வேண்டும். அப்போது வருகிற தடித்த, கரகரத்த, சாக்ஸபோன் மாதிரியான குரல்தான் எல்லோரும் துரத்துவது. ஷிகாகோ மவுத் ஆர்கன்காரர் லிட்டில் வால்டர் 1952-இல் தட்டில் பதிந்த அந்த ஒலிக்காக இன்றைக்கும் ஆட்கள் சொத்தை விற்கிறார்கள்.

சொத்து என்று சும்மா சொல்லவில்லை. 1958-க்கும் 1960-க்கும் இடையில் ஃபெண்டர் கம்பெனி செய்த பாஸ்மேன், நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ளது, பேஸ் கிடாருக்காகச் செய்த பெட்டி. பேஸ்காரர்கள் கைவிட்டாலும் மவுத் ஆர்கன்காரர்கள் விடவில்லை. இன்றைக்கு அசலாக ஒன்று வேண்டுமென்றால் ஓடுகிற நிலையில் உள்ள கார் ஒன்றின் விலை. என்னைப் போன்றவர்கள் சியர்ஸ் கடை அந்தக் காலத்தில் விற்ற சில்வர்டோன், ஐந்து வாட் சாம்ப், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் ஓய்வு பெற்ற பழைய பிஏ (கூட்டத்துக்குப் பேச வைக்கிற) ஆம்ப்ளிஃபயர் என்று தேடுவோம்.

பிஏ ஆம்ப்ளிஃபயர் என்ற இடத்தில்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நம் ஊர் மைக் செட் வேறென்ன? திருவிழாவில் பந்தலுக்குப் பின்னால் பலகை போட்டு மைக் செட்காரர் உட்கார்ந்திருப்பார். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். அவர் பக்கத்தில் தகரப் பெட்டி, அதன் சல்லடைத் தகட்டுக்குள்ளே எரிகிற வால்வு. சூடான தூசியின் வாசனை. அதைப் பார்க்கவே நான் பிரசாதத்தைக்கூட விட்டுவிட்டு அங்கே நிற்பேன். ஷிகாகோ மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் பாட்டுக்காரர்கள் பக்கத்துக் கடைக்கோ வீட்டுக்கோ காசு கொடுத்து ஒயர் இழுத்து நடைபாதையில் வாசித்த கதையைப் படித்தபோது, இது நம்ம ஆள் செய்கிற வேலைதானே என்று தோன்றியது.

சரி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடைகள். வீடு இடிக்கிறபோது வந்த கதவு, பர்மாவிலிருந்து வந்த கூடை, பீங்கான் ஜாடி, நடுவே ரேடியோ. கடைக்காரர் முதலில் காட்டியது மினுமினுப்பான மர ரேடியோ ஒன்று. பின் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகளெல்லாம் யு எழுத்தில் தொடங்கின. யுஎல்41, யுஒய்41. கும்பிட்டுவிட்டு மூடினேன்.

காரணம் இருக்கிறது. இ என்று தொடங்கினால் 6.3 வோல்ட்டில் எரிகிற வால்வு, பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். யு என்றால் எல்லா வால்வின் இழையும் வரிசையாகக் கோத்து நேராக மெயின் கரண்ட்டில் தொங்குவது. டிசி கரண்ட் இருந்த ஊருக்கும் சேர்த்துச் செய்தது. பிளக்கைத் திருப்பிச் சொருகினால் உள்ளே இருக்கும் தகடு முழுக்க 230 வோல்ட். பாட்டு மட்டும் கேட்கிறவருக்குப் பரவாயில்லை, மரப் பெட்டிதான் கையில் படும். அந்தத் தகட்டிலிருந்து மைக் ஒயர் இழுத்து, இரும்பு மைக்கைப் பிடித்து, பித்தளையும் தகரமுமான மவுத் ஆர்கனில் உதட்டை வைக்கிற ஆளுக்கு அதுவே கடைசிக் கச்சேரி.

இரண்டாவதாகக் கடைக்குப் பின்னாலிருந்து உருட்டிக்கொண்டு வந்ததுதான் அந்தத் தகரப் பெட்டி. உள்ளூரில் யாரோ கட்டிய மைக் செட் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு இஎல்34 வால்வு, மைக் சத்தத்தைப் பெருக்க இரண்டு சின்ன இசிசி83, கரண்ட்டை நேராக்க ஒரு 5யு4. ஒரு சின்ன வால்வின் கண்ணாடியில் பெல் என்று மங்கலாக எழுத்து. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இலிருந்து வால்வு செய்த கம்பெனி. பின்னால் 4, 8, 15 ஓம், அப்புறம் குழாய்க்காக 100 வோல்ட் லைன். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் முகர்ந்து பார்த்தேன், தீய்ந்த வாடை இல்லை. 5யு4 இருந்ததில் எனக்குப் பாதி சந்தோஷம். ஓங்கி ஊதும்போது அந்த வால்வால் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க முடியாது, கொஞ்சம் தொய்ந்து மறுபடி எழும். அந்தத் தொய்வுதான் ஒலிக்குச் சதை போடுவது. பேரம் முடிந்து ஆட்டோவில் ஏற்றினேன். பதினான்கு கிலோ. அம்மா சீப்புச் சீடைக்கும் மணகோலத்துக்கும் ஒதுக்கி வைத்திருந்த இடம் போயிற்று.

ரிப்பேருக்கு ஒரு கடையில் கொடுத்தேன். ஊரும் பேரும் வேண்டாம். நான் சொன்னது இரண்டே வேலை: காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்களை மாற்று, எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போடு. வேறு எதையும் தொடாதே. "கரகரப்பு இருக்கணும் தம்பி" என்றும் சொல்லித் தொலைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது போலிருக்கிறது.

"கரகரப்பு எடுத்துரலாம் அண்ணே."

"எடுக்க வேணாம். இருக்கணும்."

"சரிண்ணே, எடுத்துர்றேன். நாளைக்கு வாங்க."

நாளைக்கு என்பதன் அர்த்தத்தைப் பதினெட்டு வருஷத்தில் மறந்துவிட்டேன். ஷிகாகோவில் என் ஆம்ப்ளிஃபயர் பார்க்கிறவர் பெட்டியை வாங்கும்போதே மூன்று வாரம் என்பார், தொட்டுப் பார்க்கவே ஒரு கட்டணம் என்பார், ஈமெயிலில் எஸ்டிமேட் வரும், மூன்று வாரம் கழித்துக் கழற்றின பழைய சாமானைக்கூட ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார். எரிச்சலான மனிதர், சிரிக்கவே மாட்டார். இங்கே தம்பி தினமும் சிரித்தார், தினமும் டீ வாங்கிக் கொடுத்தார், தினமும் நாளைக்கு என்றார். ஒரு நாள் கரண்ட் இல்லை. ஒரு நாள் ஐயப்பன் பூஜைக்கு செட் கட்டப் போய்விட்டார். ஒரு நாள் கடையே பூட்டு. வாசலில் நின்றபோது பக்கத்துப் பூக்கடை அம்மா "இப்பத்தான் தம்பி போச்சு" என்றார். நானும் எட்டு நாளாக அந்த இப்பத்தானைப் பிடிக்கப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் நாள்தான் முதலில் சொன்ன காட்சி.

மூடியைக் கழற்றச் சொன்னேன். வால்வெல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இழைக்கு மட்டும் கரண்ட் போகிறது. அவ்வளவுதான் அவற்றின் வேலை. பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் ஐசி போர்டு, அதற்குக் கரண்ட் கொடுக்க எஸ்எம்பிஎஸ் என்கிற இந்தக் காலத்துச் சின்ன சப்ளை ஒன்று. சத்தம் முழுக்க அந்தப் போர்டிலிருந்து. முகப்பில் மைக் சொருகுகிற ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கி யுஎஸ்பியும் ப்ளூடூத்தும். வால்வு அழகுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க வால்வு எரியணும்னுதானே கேட்டீங்க" என்றார். கோபப்படவும் முடியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "இப்ப கேளுங்க, துளி கரகரப்பு இருக்காது."

மைக்கைச் சொருகி ஊதிக் காட்டினேன். உண்மைதான், துளிகூட இல்லை. பல் டாக்டர் வரவேற்பறையில் ஒலிக்கிற மவுத் ஆர்கன் மாதிரி இருந்தது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று கேட்டேன். கடைசி வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கடத்துகிற அந்த இரும்புக் கட்டிதான் இந்த மாதிரிப் பெட்டியின் பாதி உயிர். வால்வு எங்கேயும் வாங்கலாம், கண்டென்சரும் அப்படித்தான், ஆனால் எவரோ கையால் சுற்றிய அந்தக் கட்டிக்கு மாற்று கிடையாது. தம்பி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். இடம் பத்தாமல் கழற்றியிருக்கிறார். வியாழக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தபோது மற்ற சாமானோடு அதுவும் போய்விட்டதாம். உள்ளே தாமிரம் இருப்பதால் நல்ல விலை.

நான் போட்ட சத்தத்தில் பின்கட்டிலிருந்து அவருடைய அப்பா வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும், கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி. அந்தக் காலத்து மைக் செட்காரர். விஷயத்தைக் கேட்டு மகனை ஒரு பார்வை பார்த்தார், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்தும் தெரிந்தது. பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். அலமாரியிலிருந்து அவருடைய சொந்தச் சின்ன வால்வு செட் ஒன்றை இறக்கினார். அரை நிமிஷம் காத்திருந்தோம். ஊதினேன். இரண்டாவது மூச்சிலேயே செட் ஊளையிட்டது.

"மைக்கைக் கைக்குள்ள பொத்துனா கூவத்தானே செய்யும்" என்றார். "முதல் வால்வை மாத்தணும். இசிசி83-ஐ எடுத்துட்டு 82-ஐப் போடு. கல்யாணத்துல குழாய் பக்கத்துல இருந்தா நாங்க அதான் செய்வோம்."

ஷிகாகோவில் மவுத் ஆர்கன்காரர்கள் ரகசியம் மாதிரிக் காதில் சொல்லிக்கொள்கிற வித்தை அது. 83-இன் பெருக்கம் நூறு, 82-இன் பெருக்கம் இருபதுக்குப் பக்கம். முதல் படியில் வேகத்தைக் குறைத்தால் ஊளை வருவதற்கு முன்னால் வால்யூமை நிறையத் திறக்கலாம், கடைசி வால்வு திணறத் தொடங்கும், நமக்கு வேண்டிய குரல் கிடைக்கும். பெரியவர் மாற்றச் சொன்னார், மகன் மாற்றினார். ஊதினேன். வந்தது! அடிவயிற்றிலிருந்து, கரகரவென்று, தகரக் கூரை அதிர. தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது.

பெரியவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "இப்படித் திணறுனா எங்களுக்குக் காசு தர மாட்டாங்க. இதைக் கேட்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்க? கெட்டுப்போன செட்டு எங்கிட்டயே ஏழெட்டு கிடந்துச்சே." குழாய் கட்டக் கூடாதென்று போலீஸ் சொன்ன பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டாராம். அந்தச் சின்ன செட்டைக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். விலை சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி அலமாரியில் வைத்துத் துண்டால் மூடினார். மகன் வாங்கியிருந்த 2,400 ரூபாயில் பாதியை எண்ணி என் கையில் வைத்தார்.

பெட்டியை வீட்டில் விட்டுவிட்டேன். அம்மா ப்ளூடூத்தில் மார்கழிப் பாட்டுக் கேட்கிறார், தெளிவாக இருக்கிறதாம். நான் வால்வுகளை மட்டும் காலுறைக்குள் சுருட்டி எடுத்து வந்தேன். சீடைக்கு இடம் கிடைத்தது.

போன வாரம், வெளியே மைனஸ் பதினைந்து, வாட்ஸப்பில் தம்பியிடமிருந்து ஒரு படம். சாக்கின் மேல் வைத்த துருப்பிடித்த இரும்புக் கட்டி, பக்கவாட்டில் 4, 8, 15 என்று வண்ணம் அழிந்த எண்கள். இரும்புக்கடையில் இன்னும் உடைக்காமல் கிடந்ததாம். அப்பா தினமும் போய்ப் பார்த்துவரச் சொன்னாராம். கீழே ஒரு வரி: "கிடைச்சிருச்சுண்ணே. நாளைக்கு வாங்க."

யாருக்கும் கொடுத்துவிடாதே, சித்திரைக்கு வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.