ஐவர் சேர்ந்து படிக்க ஒரு தொடர்: சாண்ட்மேன், சாகா, லோன் வுல்ஃப்

காமிக்ஸ் படிக்கும் நண்பர்கள் ஐந்து பேர் ஆண்டுக்கு ஒரு நீண்ட தொடரை எடுத்துக்கொண்டு, பாகம் பாகமாகப் படித்துப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். இம்முறை தேர்வு என் பொறுப்பில் வந்தது. பெரியவர்களுக்கான கதையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சில வாரத் தயக்கத்துக்குப் பிறகு மூன்று பெயர்கள் மிஞ்சின: அமெரிக்காவில் வெளிவந்த ‘தி சாண்ட்மேன்’, ‘சாகா’, ஜப்பானின் ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’. மூன்றாவதையே தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கம் என் மனம் சாய்ந்திருப்பதை மறைத்துக்கொண்டு நடுவரைப் போல எழுதப்போவதில்லை.

மூன்றிலும் ரத்தம் உண்டு, நிர்வாணம் உண்டு. மூன்றுமே பரிசுகளும் பாராட்டுகளும் பெற்றவை. அவற்றை வைத்து ஒன்றை மற்றொன்றுக்கு மேலே வைக்க முடியாது. பெரியவர்களுக்கான கதை என்று நான் கருதுவது வேறு. பாத்திரங்கள் செய்த செயலின் விளைவை அவர்களே சுமக்க வேண்டும். இறந்தவர் நான்கு இதழ்கள் கழித்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வரக் கூடாது. இந்தச் சோதனையிலும் மூன்றும் தேறிவிடுகின்றன என்பதால்தான் தேர்வு கடினமாயிற்று.

‘சாண்ட்மேன்’ 1989 முதல் 1996 வரை 75 இதழ்களாக வந்து முறையாக முடிந்த தொடர். கனவுலகை ஆளும் ஒருவன், மாறுவதா அழிவதா என்ற கேள்விக்கு மெல்ல மெல்ல வந்து சேர்வதே அதன் கதை. தனிக்கதைகளாக வரும் இதழ்கள் அதன் பெருமை. தேவதைகளின் முன் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு நடிக்கும் 19-ஆம் இதழுக்கு 1991-இல் சிறந்த சிறுகதைக்கான உலக மிகுபுனைவு விருதே கிடைத்தது. ஆனால் தொடக்க இதழ்கள் வேறொரு பேய்க்கதைத் தொடரைப் படிப்பது போன்ற உணர்வைத் தரும். மரணம் ஓர் இளம்பெண்ணாக வந்து தம்பியோடு பேசிக்கொண்டு நடக்கும் எட்டாம் இதழில்தான் கதை தன் குரலைக் கண்டுகொள்கிறது. அதைவிட எனக்கு இடையூறாக இருந்தது ஓவியர்கள் மாறிக்கொண்டே இருப்பது. சாம் கீத், கெல்லி ஜோன்ஸ், ஜில் தாம்ப்சன், மார்க் ஹெம்பல் என்று கைகள் மாறும்போது நாயகனின் முகமும் மாறுகிறது. கனவுக்கு நிலையான முகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. நான் அதை முழுமையாக ஒரே ஒரு முறைதான் படித்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வாசிப்பில் இந்தக் குறை எனக்கே குறையாகத் தெரியாமல் போகலாம்.

‘சாகா’வில் அந்தச் சிக்கல் இல்லை. பிரையன் கே. வான் எழுத, ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ் 2012 முதல் ஒரே கையாக வரைந்து வண்ணமும் தீட்டி வருகிறார். போரிடும் இரண்டு இனங்களைச் சேர்ந்த கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு அண்டம் முழுவதும் ஓடுகிறார்கள். அந்தக் குழந்தையே வளர்ந்த பின் நமக்குக் கதை சொல்கிறாள். முதல் பக்கமே பிரசவம். குடும்பம் நடத்துவதன் எரிச்சலும் களைப்பும் இவ்வளவு உண்மையாக வந்த விண்வெளிக் கதையை நான் படித்ததில்லை. பொய் சொன்னால் கண்டுபிடித்துச் சொல்லும் அந்தப் பூனையை ஐவரில் நால்வருக்குப் பிடித்துவிடும் என்று உறுதியாகச் சொல்லலாம். இருந்தும் நான் அதைத் தள்ளிவைத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான்: அது இன்னும் முடியவில்லை. 2018-இல் 54-ஆம் இதழோடு நின்ற தொடர், மூன்றரை ஆண்டுகள் கழித்து 2022 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது. மொத்தம் 108 இதழ்கள் என்பது படைப்பாளிகளே அறிவித்த திட்டம். அந்தக் கணக்கில் 54 சரிபாதி. ஓய்வு எடுத்ததில் தவறேதும் இல்லை. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் ஒரே கதையை வரைவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை யோசித்தால், இடைவெளி விட்டதாலேயே அந்த ஓவியம் தரம் இறங்காமல் இருக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு தொடரை நான் படிப்பது வேறு, பரிந்துரைப்பது வேறு. நானாகப் படிக்கும்போது பாதியில் நிற்பது என் பாடு. அடுத்தவர் கையில் கொடுக்கும்போது, அவருடைய பல மாத நேரத்துக்கு நான் ஈடு சொன்னவனாகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், முடிவுபெறாத ஒரு தொடரை இதே நண்பர்களுக்கு ஆசை ஆசையாகக் கொடுத்து, அது நடுவில் நின்றுபோனபின் இரண்டு ஆண்டுகள் கேலிக்கு ஆளானேன். அன்றிலிருந்து கதை முடிந்துவிட்டதா என்பதையே முதலில் பார்க்கிறேன். ‘பெர்செர்க்’ என்ற ஜப்பானியக் காமிக்ஸ் தொடரின் ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைப் படைத்த கென்டாரோ மியூரா 2021-இல் காலமானபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த கதை அந்தரத்தில் நின்றது. மறு ஆண்டு அவருடைய நண்பரின் மேற்பார்வையில் உதவியாளர்கள் அதைத் தொடர்ந்தார்கள். அது நன்றியோடு ஏற்க வேண்டிய முயற்சிதான், ஆனாலும் மியூரா வரைந்திருக்கக்கூடிய முடிவை இனி எவரும் காணப்போவதில்லை.

முடிந்துவிட்டது என்பது மட்டுமே போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விற்பனை குறைந்து நிறுத்தப்பட்ட தொடரும் முடிந்த தொடர்தான். நான் தேடுவது, முதல் அத்தியாயத்திலேயே முடிவின் விதை இருந்து, அதை நோக்கியே நடந்து, தொடங்கியவர்களின் கையாலேயே முடிந்த கதையை. ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ அப்படிப்பட்டது.

கசுவோ கொய்கே எழுத, கோசெகி கொஜிமா வரைந்த இத்தொடர் 1970 முதல் 1976 வரை ஒரு வார இதழில் வெளிவந்தது. நூலாக 28 பாகங்கள், 8,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள். ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் ஆணைப்படி பிரபுக்களின் தலையைக் கொய்யும் பதவியில் இருக்கும் ஒகாமி இட்டோ, யாக்யூ குலத்தின் சூழ்ச்சியால் மனைவியையும் பெயரையும் இழக்கிறான். பிறகு மகன் டாய்கோரோவை ஒரு மரத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, தலைக்கு 500 பொற்காசு வாங்கும் கொலையாளியாக ஊர் ஊராக நடக்கிறான். வாளும் வாடகைக்கு, பிள்ளையும் வாடகைக்கு என்று ஒரு கொடியில் எழுதியிருக்கிறது.

இந்தப் பின்கதையை ஆசிரியர் தொடக்கத்தில் சொல்வதில்லை. முதல் எட்டு அத்தியாயங்களில் குழந்தையோடு திரியும் ஒரு கூலிக் கொலையாளியை மட்டுமே பார்க்கிறோம். அவன்மேல் நமக்கு அச்சம் வருகிறதே தவிர இரக்கம் வருவதில்லை. முதல் பாகத்தின் கடைசியான ஒன்பதாம் அத்தியாயத்தில்தான், தரையில் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைத்து, தவழும் மகனைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறான் தந்தை. பந்தைத் தொட்டால் அக்கணமே தாயிடம் அனுப்பிவிடுவேன், வாளைத் தொட்டால் என்னோடு நரகத்தின் வழியில் வருவாய் என்கிறான். சொல் புரியாத வயதுக் குழந்தை பந்தைப் பார்க்கிறது, வாளைப் பார்க்கிறது. ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பும் தாயைப் புறநானூற்றில் படித்த நமக்கு இந்தக் காட்சி முற்றிலும் அந்நியமாக இராது. ஆனால் அங்கே தாயின் துணிவைப் புலவர் வியக்கிறார். இங்கே தந்தையை வியப்பதா வெறுப்பதா என்று கொய்கே கடைசி வரை சொல்வதில்லை. இந்தத் தொடர் எங்கே போய் முடியும் என்பது அந்த அறையிலேயே முடிவாகிவிடுகிறது. திரும்பி வரும் வழி அல்ல அது என்று தந்தைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதற்குப் பிறகு வரும் 27 பாகங்களும் அந்த வழியின் நீளம்தான்.

வார இதழ்த் தொடர் என்பதால் ஆசிரியர் விரும்பியிருந்தால் வாரம் ஒரு கொலை என்று எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் ஓட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முன்பாகங்களில் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை. போகப் போக அந்தத் தனிக்கதைகள் குறைந்து, கடைசிப் பாகங்களில் ஒகாமிக்கும் யாக்யூ குலத் தலைவர் ரெட்சுடோவுக்கும் இடையிலான ஒரே நீண்ட மோதலாகக் கதை இறுகிவிடுகிறது. அத்தனை பாகங்களாகப் பகையாகவே பார்த்த கிழவர் ரெட்சுடோவை, கடைசியில் வேறு கண்ணால் பார்க்க நேர்கிறது. எப்படி என்று இங்கே எழுதினால் நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

முடிவு இல்லாமல் படித்தால் இதே கதை எவ்வளவு சிறுத்துப்போகும் என்பதற்கு இத்தொடரின் ஆங்கிலப் பதிப்புகளே சான்று. 1987-இல் ஃபிராங்க் மில்லரின் அட்டைப்படங்களோடு வரத் தொடங்கிய முதல் ஆங்கிலப் பதிப்பு, 45 இதழ்களோடு நின்றுபோனது. அதில் வெளிவந்தது பாதிக்கும் குறைவான கதை. அதை மட்டும் படித்தவர்களுக்கு இது நல்ல வாள்சண்டைக் கதை. 2000-இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பு 28 பாகங்களையும் நிறைவு செய்த பிறகே, ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது ஒரு முழுமையான துன்பியல் காவியமாகத் தெரிந்தது.

கொஜிமாவின் தூரிகையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல பக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை: மழை, நாணல், வண்டிச் சக்கரம், குழந்தையின் கண். மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் மூலத்திலிருந்து இழக்க வேண்டியது அந்தப் பக்கங்களில் ஏதுமில்லை. வசனங்களைப் பற்றி அதே உறுதியோடு பேச எனக்குத் தகுதியில்லை. ஜப்பானிய மொழி அறியாதவன் நான், ஆங்கிலத்தில் மிடுக்காக ஒலிப்பது மூலத்தில் எப்படி ஒலிக்குமோ.

குறைகளை மறைத்துப் பரிந்துரைப்பது நட்புக்கு அழகல்ல. பெண்கள் மீதான பாலியல் வன்முறை அடிக்கடி வருகிறது, சில இடங்களில் கதைக்குத் தேவையே இல்லாமல் வருகிறது. ஐவரில் ஒருவரிடம் இதை முன்கூட்டியே தனியாகச் சொன்னேன். ஐந்தாறு பாகங்களைத் தொடர்ச்சியாகப் படித்தால், கொலை கேட்டு ஒருவர் வருவதும், காரணம் சொல்வதும், காசு கைமாறுவதும், தலை விழுவதும் ஒரே தாளமாகிச் சலிக்கும். பிற்பகுதியில் நுழையும், ஷோகனின் உணவில் நஞ்சு உண்டா என்று சுவைத்துப் பார்க்கும் அதிகாரியின் கதை எனக்குச் சற்று நீளமாகவே பட்டது.

பதிப்பு எது என்றால், உள்ளங்கை அளவுச் சிறிய 28 புத்தகங்களைவிட, பின்னர் 12 தடித்த தொகுதிகளாக வந்ததே கண்ணுக்கு நல்லது. சிறு பதிப்பில் கொஜிமாவின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கொஜிமா 2000-இல் மறைந்த பிறகு, கொய்கே வேறோர் ஓவியரோடு சேர்ந்து டாய்கோரோவின் கதையைத் தொடர்ந்து எழுதினார். அதைக் குழுவின் பட்டியலில் நான் சேர்க்கவில்லை.

தனியாக, மெதுவாக, காத்திருப்பதில் சிரமம் இல்லாமல் படிப்பவர் என்றால் ‘சாகா’வையே கொடுப்பேன், இதுவரை காமிக்ஸே படிக்காத, புராணக் கதைகளில் ஊறிய ஒருவர் என்றால் எட்டாம் இதழ் வரை பொறுக்கச் சொல்லி ‘சாண்ட்மேன்’. எங்கள் ஐவருக்கு மாதம் ஒரு தொகுதி என்று கணக்கிட்டு, முதல் தொகுதியைப் பிரித்திருக்கிறோம். ஒன்பதாம் அத்தியாயம் முடியும் வரை யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் விதியாக வைத்திருக்கிறேன்.