ஏலத்தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ்: காலுக்குச் சரி, கைக்கு?

கம்பம் கடைத்தெருவில் 450 ரூபாய்க்கு வாங்கிய, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இது. கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குறை. ஆண்களின் கால் அளவுக்கே வார்த்திருக்கிறார்கள். கடையில் இருந்ததில் சிறியது 6. எனக்கு 4 போதும். பழைய சேலைத் துணியைத் திணித்துக்கொண்டு சரிவில் இறங்கினால் கால் உள்ளேயே வழுக்குகிறது. மழைத் தண்ணீர் புகுந்துவிட்டால் சாயங்காலம் வரை ஊறல்தான். அடிப்பிடிப்பு நன்று. அட்டைத் தொல்லையும் குறைகிறது.

நான் வாங்கியது பாம்புக்குப் பயந்து. சருகில் நடக்க இப்போது தைரியம்தான். ஆனால் ஏலக்காய் காய்ப்பது செடியின் தூரில், தரையோடு படரும் சரத்தில். குந்தி உட்கார்ந்து, சருகை விலக்கி, கையால் எடுக்க வேண்டும். கையுறை போட்டால் விளைந்த காயா பிஞ்சா என்று விரலுக்குத் தெரியாது. மலையாளிகள் முழமூக்கன் என்னும் குழிவிரியன் சருகு நிறத்தில் சுருண்டு கிடப்பதும் அங்கேதான்.

கடித்தால் ஊசி இருக்கிறதே என்பார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. மாமல்லபுரம் பக்கம் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து தயாரிக்கிறார்கள். முழமூக்கன் அந்த நான்கில் இல்லை. அது கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். டாக்டர் அந்தந்தக் கோளாறுக்கு வைத்தியம் பார்ப்பார். அந்த விஷத்துக்கென்று முறிவு மருந்து அவர் கையில் இல்லை.

கடிபடுகிறவர்கள் கூலிக்காரர்கள். எங்களை நம்பி எந்தக் கம்பெனி ஆராய்ச்சியில் பணத்தை முடக்கும்? இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பீடு. அப்படியிருந்தும், புறக்கணிக்கப்பட்ட நோய்களில் முன்னுரிமை பெறுபவற்றோடு உலக சுகாதார நிறுவனம் இதைச் சேர்த்தது 2017-இல்தான். 2019-இல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை பாம்புக்கடி ஆய்வுக்கு 8 கோடி பவுண்டு அறிவித்தது. சந்தோஷம். எங்கள் மலையில் கிடக்கும் முழமூக்கனுக்கும் அதில் ஒரு பங்கு விழ வேண்டும். நம் அரசும் கை கொடுக்க வேண்டும். எங்கள் ஏலக்காய் மணக்காத பாயசம் உண்டா?

பூட்ஸ் வாங்கலாமா என்றால், வாங்கலாம். தோட்டத்து முதலாளியை வாங்கித் தரச் சொல்வது இன்னும் நல்லது. பையன்களுக்கான அடுக்கில் தேடினால் 4 அகப்படலாம். சருகைக் கிளற நீளக் குச்சி ஒன்றும் வேண்டும். அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.