குருதி அமுக்கம் யார் கையில்: கழுத்தா, சிறுநீரகமா?

மலைநாட்டில் ‘பிரஷர்’ என்றால் எல்லாம் ஒரே வருத்தம் மாதிரித்தான் பேச்சு. புல் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தவருக்குத் தலை சுற்றினால் பிரஷர். கிளினிக் கொப்பியில் 170/100 என்று எழுதிக் கொடுத்தாலும் பிரஷர். முதலாமவருக்கு அந்த நொடியில் அமுக்கம் விழுந்திருக்கிறது. இரண்டாமவருக்கு வருடக்கணக்கில் மெல்ல ஏறியிருக்கிறது. உடம்பில் இந்த இரண்டையும் கவனிப்பது ஒரே ஆள் இல்லை. ஒரு பக்கம் கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள அமுக்க வாங்கிகள், மறுபக்கம் சிறுநீரகம். இதில் பெரியவர் யார் என்று உடற்றொழிலியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடி வந்திருக்கிறார்கள்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நொடிக்கும் நிமிடத்துக்கும் கழுத்து. மாதத்துக்கும் வருடத்துக்கும் சிறுநீரகம். இந்தத் தீர்ப்பில் ஒரு ஓட்டையும் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

கழுத்து என்ன செய்கிறது

தாடைக்குக் கீழே, தலைக்குக் குருதி கொண்டுபோகும் குழாயான கரோட்டிட் நாடி இரண்டாகப் பிரிகிற இடத்தில் அதன் சுவர் கொஞ்சம் உப்பி, மெலிந்து இருக்கும். அங்கேயும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் நரம்பு நுனிகள் சுவருக்குள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றுக்கு அமுக்கம் நேராகத் தெரியாது. சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதுதான் தெரியும். இழுபடும்போது நுனியிலுள்ள புரதக் கதவுகள் திறந்து மின்துடிப்பு கிளம்புகிறது. பியேசோ 1, பியேசோ 2 என்ற இரண்டு புரதங்களும் இல்லாத எலிகளில் அமுக்கத்தைச் சரிசெய்யும் அனிச்சையே காணாமல் போவதை 2018இல் காட்டினார்கள். அந்தப் புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

கழுத்துச் செய்தி ஒன்பதாவது மண்டையோட்டு நரம்பு வழியாகவும், பெருநாடிச் செய்தி பத்தாவதான வேகஸ் வழியாகவும் மூளையின் அடிப்பகுதியான நீள்வளைய மையவிழையத்துக்குப் போகிறது. இந்த மின்துடிப்புகள் கூடினால் இதயம் மெதுவாகும், நாடிகள் தளரும். குறைந்தால் எல்லாம் தலைகீழ்.

தேயிலைத் தூர்களுக்கு இடையில் குனிந்து புல் பிடுங்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். தலை இதயத்துக்குக் கீழே தொங்குகிறது. அப்போது கழுத்து நாடியில் அமுக்கம் இதயத்தில் இருப்பதைவிடக் கூட. வாங்கிகள் அதைப் பார்த்து, ‘போதும், தளர்த்து’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து மேலே யாரோ கூப்பிட, சட்டென்று நிமிர்கிறார். அரை லீட்டரோ அதற்கு மேலோ குருதி வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. கழுத்தோ இதயத்தைவிட ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சுமார் 0.77 மில்லிமீற்றர் இரசம் (அமுக்கத்தை அளக்கும் அலகு) குறையும் என்பதால், அங்கே மட்டும் 19 அளவு குறைந்துவிடும். கண் இருட்டுகிறது, கை பக்கத்துச் செடியைப் பிடிக்கிறது. அதற்குள் இதயத்தை மெதுவாக்கி வைத்திருந்த வேகஸ் தன் பிடியை விட, அடுத்த ஓரிரு துடிப்பிலேயே இதயம் வேகமாகிறது. பரிவு நரம்புகள் நாடிகளை இறுக்க இன்னும் சில நொடி எடுக்கும். அரை நிமிடத்தில் பெரும்பாலும் எல்லாம் சரி. குனிந்த வேலையிலிருந்து எழுவது கதிரையிலிருந்து எழுவதைவிட ஏன் மோசம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கழுத்தா, பெருநாடியா என்று உள்ளுக்குள்ளேயும் ஒரு போட்டி உண்டு. கழுத்து வாங்கிகள் சுமார் 60இல் பேசத் தொடங்கி 180க்குக் கிட்ட உச்சத்துக்குப் போகின்றன. பெருநாடியில் உள்ளவை அதைவிட 30 அளவு மேலேதான் விழித்துக்கொள்கின்றன. அத்துடன் பெருநாடி இதயத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், எழுந்து நிற்கும்போது கழுத்து இழக்கிற அளவு அது இழப்பதில்லை. நிற்பது, விழுவது என்று வந்தால் என் ஓட்டு கழுத்துக்கே. அமுக்கம் எகிறும்போது கடிவாளம் போடுவதில் பெருநாடிக்கும் பங்கு இருக்கிறது. வரலாற்றில் முதலில் பிடிபட்டதும் அதுதான்: 1866இல் லுட்விக்கும் சியோனும் முயலில் அந்த நரம்பைத் தூண்டி, இதயம் மெதுவாகி அமுக்கம் விழுவதைப் பார்த்தார்கள். கழுத்துப் பக்கத்தை ஹெரிங் விளக்கியது 1920களில்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அதே கழுத்துப் பிரிவில் அரிசி அளவில் கரோட்டிட் உடல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் வேலை ஒட்சிசனைப் பார்ப்பது. பெல்ஜியத்து கொர்னெய் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் கிடைத்தது, இந்தக் கழுத்து, பெருநாடி அமைப்புகள் மூச்சைக் கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டதற்காக. சிவனொளிபாதமலை ஏறி உச்சியில் தலை சுற்றினால் ‘உயரத்துக் காத்து’ என்று அதன் மேல் பழிபோடுகிறோம். உச்சி 2243 மீற்றர்தான். நுவரெலியா ஊரே 1868 மீற்றர். ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த உயரத்துக் காற்று மட்டும் மயக்கம் தருவது அபூர்வம். நல்லதண்ணியிலிருந்து படி ஏறி ஏறி, காலிலுள்ள நாடிகள் எல்லாம் விரிந்து கிடக்கின்றன. மேலே வந்ததும் ஆடாமல் அசையாமல் வரிசையில் நின்றால், குருதியை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசை வேலையை நிறுத்திவிடுகிறது. கழுத்து வாங்கிகளுக்குச் சமாளிக்க முடியாத அளவு குருதி கீழே தங்கிவிடுகிறது. நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சிறுநீரகம் என்ன செய்கிறது

மலையில் நிற்கும் கங்காணி ஒரு சத்தம் போட்டால் அந்த நிமிடமே கை வேகமாகும். மாதக் கடைசியில் சம்பளம் எவ்வளவு என்பது செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டைப் பார்க்கும் கிளாக்கர் கையில். கழுத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அதுதான்.

சிறுநீரகத்திடம் இரண்டு ஆயுதம். ஒன்று, அது குருதியில் விடும் ரெனின் என்ற நொதியம். 1898இல் ஸ்வீடனில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயல் சிறுநீரகச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி அமுக்கம் ஏறுவதைப் பார்த்தது இதைத்தான். அமுக்கம் குறைந்தால் ரெனின் வெளியாகி, அஞ்சியோடென்சின் உருவாகி, நாடிகள் இறுகும். அல்டொஸ்டிரோன் என்ற ஹோமோன் வந்து உப்பைப் பிடித்து வைக்கும். இது முழு வேகத்துக்கு வர 20 நிமிடம் அளவு ஆகும். எழுந்து நிற்பவருக்கு 20 நிமிடம் காத்திருக்க ஏலாது, அதனால் அந்தப் போட்டியில் இது இல்லை.

இரண்டாவது ஆயுதம் வெறும் மூத்திரம். அமுக்கம் கொஞ்சம் ஏறினாலே சிறுநீரகம் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியே விடுகிறது. பழைய அளவுக்கு இறங்கும்வரை விட்டுக்கொண்டே இருக்கிறது. மணிக்கணக்கு, நாட்கணக்கு ஆகலாம். ஆனால் பாதியில் நிறுத்துவதில்லை. அமெரிக்க உடற்றொழிலியல் ஆய்வாளர் ஆர்தர் கைட்டன் காலமெல்லாம் வாதிட்டது இந்த விடயத்தைத்தான். நீண்ட கால அமுக்கம் எங்கே நிற்கும் என்பதைச் சிறுநீரகம் உப்பை எந்த அமுக்கத்தில் வெளியே விடுகிறது என்பதே தீர்மானிக்கும் என்றார் அவர். 1934இல் கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் நெருக்கியபோது அமுக்கம் ஏறி அப்படியே நின்றதும் இந்தப் பக்கத்துச் சாட்சிதான்.

கருவாடு, ஊறுகாய், ரொட்டிக்கு உறைப்பும் உப்புமாய் ஒரு சம்பல் என்று சாப்பிடுகிற வீட்டில் கணக்கு எங்கே ஏறுகிறது என்று இப்போது விளங்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பு, அதாவது சமையலில் போடுவதும் கருவாட்டில் வருவதும் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள். ‘நான் வேர்வை சிந்தி வேலை செய்யிறேன், உப்பு வேணும்’ என்ற வாதத்தை மதிய வெயிலில் மட்டக்களப்பு வயலில் நிற்பவர் சொன்னால் யோசிக்கலாம். மார்கழிக் குளிரில் லிந்துலையில் அது எடுபடாது.

யார் வென்றது

தீர்ப்புக்கு வழி காட்டிய பரிசோதனை 1973இல் கைட்டனின் கூட்டத்தில் அலன் கௌலி செய்தது. நாய்களில் கழுத்து, பெருநாடி இரண்டிலிருந்தும் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு நாள் முழுக்க அமுக்கத்தைப் பதிந்தார்கள். சராசரி முன்பு போலவே 100க்குக் கிட்ட நின்றது. ஆனால் சாதாரண நாயில் 85க்கும் 115க்கும் இடையில் அடங்கிக் கிடந்தது, இவற்றில் 50 வரை விழுந்தும் 160 தாண்டியும் அலைபாய்ந்தது. ஆக, அலையை அடக்குவது கழுத்து. அலை எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பதில் அதற்குப் பெரிய பேச்சில்லை.

இதற்குள் இன்னொரு விடயம் இருக்கிறது, என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அமுக்கம் உயர்ந்தே இருந்தால், ஓரிரு நாளிலேயே வாங்கிகள் அந்த உயரத்தை வழக்கமாக ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிடும். 170இல் இருப்பவரின் கழுத்து 170ஐப் பார்த்துச் சத்தம் போடாது. ‘எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு மாத்திரை’ என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை தொடங்கி அமுக்கம் 135க்கு இறங்கும்போதோ, அதே கழுத்து அதை வீழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும். அசதி, தலைசுற்று. உடனே ‘மாத்திரை ஒத்துக்கல்ல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். வாங்கிகள் கீழேயும் பழகிக்கொள்ளும். அதற்குக் கொஞ்சம் நாள் கொடுக்க வேண்டும். அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்பதை டொக்டரிடம் கேட்கலாம், தானாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

சரி, ஓட்டைக்கு வருவோம். வாங்கிகள் பழகிவிடும் என்றால் நீண்ட காலத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை என்றாகிறது. ஆனால் கழுத்து நாடியில் மின்கருவி பொருத்தி வாங்கிகளை விடாமல் தூண்டினால் அமுக்கம் நாட்கணக்கில் குறைந்தே நிற்பதை நாய்களிலும் பிறகு மனிதர்களிலும் பார்த்தார்கள். அப்படி ஒரு கருவிக்கு அமெரிக்காவில் 2019இல் இதயச் செயலிழப்புக்காக அனுமதியும் கிடைத்தது. காரணம், பரிவு நரம்புகள் சிறுநீரகத்துக்கும் போகின்றன. ரெனினைக் கூட்டுவதும் குறைப்பதும் அவற்றால் முடியும். ஆகவே கைட்டன் சொன்ன அளவுக்குக் கழுத்தை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதற்காகத் தீர்ப்பு தலைகீழாவதும் இல்லை.

மாத்திரைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால்

எனலாப்பிரில், லோசார்டான் இரண்டும் ரெனின் சங்கிலியில் கை வைப்பவை. எழும்போது தலைசுற்றுவது ஒப்பீட்டளவில் குறைவு, வயிற்றோட்டம் வாந்தி வந்து நீர் வற்றினால் தவிர. கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது. ஹைட்ரோகுளோரோதயசைட் உப்பை மூத்திரத்தில் அனுப்புகிறது. இதுவும் சிறுநீரகப் பக்கம்தான், ஆனால் நீர் கூடக் குறைந்தால் கழுத்துக்குச் சிரமம். அம்லோடிபின் இரண்டு கட்சியிலும் சேராது, நேரே நாடித் தசையைத் தளர்த்தும். கால் வீங்குகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் இதைப் போடுபவர்கள்.

பிரசோசின் கதை வேறு. நாடியை இறுக்கு என்று பரிவு நரம்பு சொல்வதை நாடி கேட்காமல் செய்வதே அதன் வேலை. அதாவது புல் பிடுங்கிய அம்மாவைக் காப்பாற்றிய இரண்டாம் கட்டத்தையே அது தடுக்கிறது. முதல் மாத்திரையைப் படுக்கப்போகும்போது போடச் சொல்வது அதனால்தான். அட்டனோலோல் இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைப்பதால் முதல் கட்டம் மந்தமாகும்.

வயதானவர்களில் இரண்டு கட்சியும் ஒரே ஆளில் தோற்பதைப் பார்க்கலாம். நாடிச் சுவர் விறைத்துவிட்டதால் வாங்கிகளுக்கு இழுவை சரியாகத் தெரிவதில்லை. இருந்தால் 160, நின்றால் 130. விடியற்காலையில் லயத்துக் கதவைத் திறந்து குளிரில் வெளிக் கக்கூசுக்குப் போகும் பாட்டிதான் விழுகிறார். எழுந்ததும் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்பது அவருக்கு எந்த மாத்திரையையும்விட அவசரம்.

கிளினிக்கில் அளக்கும் விதமும் கழுத்தைத்தான் சோதிக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஏற்றம் ஏறி வந்த மூச்சோடு, ஸ்வெட்டர் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றி, முதுகு சாயாமல் வாங்கில் உட்காரவைத்து அளந்தால் வருகிற எண் அன்றைய மேட்டையும் குளிரையும் சேர்த்துச் சொல்லும். வேலை செய்யும்போது மூளையே வாங்கிகளின் இலக்கை மேலே நகர்த்திவிடும், கொழுந்துச் சுமையோடு ஏறும்போது அமுக்கம் ஏறுவதைக் கழுத்து எதிர்க்காதது அதனால்தான். ஐந்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினாலே 8 அளவு கூடக் காட்டும்.

தலைசுற்று இருக்கிறவர்கள் நிற்கவைத்தும் அளக்கச் சொல்லிக் கேட்கலாம். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால், நிற்பதைக் கழுத்துப் பக்கம் சமாளிக்கவில்லை என்று அர்த்தம். வரிசை நீளம் என்று சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. இருந்து அளந்தது 160, நின்று அளந்தது 128 என்று கொப்பியில் இரண்டும் இருந்தால், டொக்டர் மாத்திரையைக் கூட்ட முன்னர் ஒருமுறை யோசிப்பார்.