செலஸ்ட்ரான் பவர்சீக்கர் 70ஏஇசட்: குழாய்க்குத் தரலாம் காசு

நிலாவைப் பார்க்கவும் போனில் படம் எடுக்கவும் குறைந்த விலையில் டெலஸ்கோப் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இதில்தான். 70 மி.மீ. முகப்பு லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம், அதாவது எஃப்/10 (குவியத் தூரம் லென்ஸ் அகலத்தைப்போல் பத்து மடங்கு). கூடவே 20 மி.மீ., 4 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்), உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ், குறிபார்க்க உதவும் 5×24 ஃபைண்டர், மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் தாங்கி, அலுமினிய டிரைபாட். குழாய் நல்ல சரக்கு. மற்ற சாமான்களில் பாதி ஒப்புக்குத்தான். எது எது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

உருப்பெருக்கக் கணக்கு எளிது: 700ஐ ஐபீஸின் எண்ணால் வகுக்க வேண்டும். 20 மி.மீ. போட்டால் 35 மடங்கு, 4 மி.மீ. போட்டால் 175. இந்தக் குழாய்க்கு நிறுவனமே சொல்லும் பயனுள்ள உச்சம் 165. ஆக, பெட்டியில் வரும் சின்ன ஐபீஸே அந்த வரம்பைத் தாண்டுகிறது! அதோடு பார்லோவையும் சேர்த்தால் 525 மடங்கு. அது அட்டைப்பெட்டியில் அச்சடிக்க மட்டும் உதவும் எண். 175லேயே கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை 0.4 மி.மீ. தான். படம் மங்கும், இமை லென்ஸில் இடிக்கும், நிலாவின் ஒரு பள்ளத்தை நடுவில் வைத்தால் அரை நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். 4 மி.மீ. ஐபீஸைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். 10 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று, 1.25 அங்குல அளவில், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 70 மடங்கில் முழு நிலாவும் அடங்கும், வியாழனின் இரண்டு பட்டைகள் தெரியும், சனியின் வளையமும் தெரியும். 35 மடங்கில் வியாழனின் நான்கு நிலாக்களை வரிசையாகப் பார்க்கலாம். பளபளக்கும் வண்ண நெபுலாக்களை எதிர்பார்த்தால் இது உங்களுக்கானதல்ல. ஓரியன் நெபுலாகூடச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும்.

பெரிய குறை டிரைபாட். கால்கள் மெலிசு. முழுக்க நீட்டிவிட்டு ஃபோகஸ் குமிழைத் தொட்டால் நிலா சில நொடிகளுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். கால்களை நீட்டாமல், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதே சரி. நடுத்தட்டுக்குக் கீழே 2, 3 கிலோ மணல் பையைக் கட்டினால் ஆட்டம் நன்றாகக் குறையும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் அவ்வளவாக வராத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. தமிழ்நாடும் இலங்கையும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நிலா இங்கே மிக உயரத்தில் போகும். தை, மாசியில் வளர்பிறை அஷ்டமி நிலா, பொழுது சாயும்போதே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்தக் கோணத்துக்கு இந்தத் தாங்கி ஒத்துவராது. நீளக் குழாயின் அடிப்பக்கம் டிரைபாட் காலில் முட்டும். ஒன்பது மணிவரை பொறுத்தால் நிலா மேற்கே சரிந்துவிடும். மொட்டைமாடித் தளமும் அதற்குள் ஓரளவு சூடு தணிந்திருக்கும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட்டிலிருந்து எழும் வெப்பக் காற்றுதான் மாலையில் நிலாவின் விளிம்பைத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிய வைப்பது. அதற்கு லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபைண்டரை இரவில் சரிசெய்ய முயல வேண்டாம். பகலில், அரை கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுரக் கலசத்தையோ செல்போன் டவரின் நுனியையோ 20 மி.மீ. ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து, பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பிக் குறுக்குக்கோடு அதே நுனியில் விழும்படி வையுங்கள். ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்ற புகார்களில் பாதிக்கு இது போதும். மீதி மூடி விவகாரம். சில டெலஸ்கோப்புகளின் முகப்பு மூடிக்கு நடுவில் இன்னொரு சின்ன மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு மங்கலாக இருக்கிறது என்பார்கள். முழு மூடியையும் எடுக்க வேண்டும்.

படம் எடுக்கப் பௌர்ணமி சரியான நாளல்ல. வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. டைக்கோ பள்ளத்திலிருந்து விரியும் வெள்ளைக் கதிர்களுக்கு மட்டும் அது நல்ல நாள். வளர்பிறைப் பஞ்சமியிலிருந்து தசமிவரை ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். அஷ்டமியை ஒட்டி டாலமேயஸ், அல்ஃபோன்ஸஸ், அர்சாகெல் ஆகிய மூன்று பள்ளங்களும் மேலிருந்து கீழாக வரிசையாகக் கிடைக்கும். அடுத்த ஓரிரு நாளில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிகஸின் படிக்கட்டுச் சுவர்களும், தெற்கே கிளேவியஸும் வரும். இந்த லென்ஸால் பிரித்துக் காட்ட முடிவது சுமார் 3 கி.மீ. வரைதான். சந்திரயான்-3இன் விக்ரமைத் தேட வேண்டாம்.

போன் படத்துக்கு, மூன்று பக்கமும் திருகி இறுக்கும் அடாப்டர் வாங்குங்கள். கையால் பிடித்து எடுப்பது வீண் வேலை. முதலில் கண்ணால் ஃபோகஸ் செய்து, ஐபீஸும் போனின் 1 மடங்கு கேமராவும் ஒரே நேர்கோட்டில் வரும்படி அடாப்டரை நகர்த்துங்கள். திரையில் கறுப்புப் பிறை ஓரமாக வந்தால் கேமரா விலகியிருக்கிறது, அல்லது தூரம் தவறு. போன் எடையால் குழாய் மெல்லக் கீழிறங்கும். அதனால் பக்கத் திருகை முன்பே இறுக்கிவிடுங்கள். நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியையும் பூட்டி, வெண்மை கரையாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125இல் தொடங்கலாம். பிறைக்கு இன்னும் மெதுவாக, 1/30 வரை போகலாம். 3 நொடி டைமர் கட்டாயம். நிலாவைக் கண்டதும் தானே மெருகேற்றும் சீன் ஆப்டிமைசரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் படத்தில் இருப்பது உங்கள் டெலஸ்கோப் காட்டியதா, போன் வரைந்ததா என்று தெரியாது.

இன்னும் கூர்மை வேண்டுமென்றால் ஒரு நிமிட வீடியோ எடுத்து, பிஐபிபி மென்பொருளில் நிலாவை நடுவில் நிறுத்தி, ஆட்டோஸ்டாக்கெர்ட்டில் சிறந்த 25 சதவீத ஃபிரேம்களை மட்டும் அடுக்கலாம். இரண்டும் இலவசம். கடைசிக் கூர்மையாக்கலில் பள்ளங்களின் விளிம்பில் வெள்ளைக்கோடு முளைத்தால் நிறுத்திவிடுங்கள். நிலா ஓரத்தில் தெரியும் மெல்லிய ஊதா, இதுபோன்ற எல்லா அக்ரோமேட் (இரட்டைக் கண்ணாடி) லென்ஸிலும் உண்டு. எஃப்/10 என்பதால் இதில் குறைவுதான். எடிட்டிங்கில் ஊதாவை மட்டும் இறக்கினால் போய்விடும்.

டிஎஸ்எல்ஆர் மாட்ட நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். சென்சாரில் நிலா வெறும் 6.4 மி.மீ. தான் விழும். கேமரா எடைக்கு ஃபோகஸரும் தாங்காது, தாங்கியும் தாங்காது. அதே பவர்சீக்கர் வரிசையில் லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடி வைத்த 127 மி.மீ. இருக்கிறதே என்று தாவுவதையும் பரிந்துரைக்க மாட்டோம். கண்ணாடியைச் சீரமைக்கவே புதியவர்களின் பொழுது போய்விடும்.

முகப்பில் முழுதாக மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஃபைண்டருக்கும் அதே விதி. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைக்காமல் அரை மணி விட்டால் தானே காயும். கடலோர ஊர்களில் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஐபீஸ் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும்.