ஜோவாந்திட் தொட்டியில் வேவ்மேக்கரும் எல்இடி விளக்கும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

பவளங்களுக்கு உறவான, பூப்போல விரியும் ஜோவாந்திட் உயிர்களைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க விரும்பும் நண்பர் ஒருவர், இருக்கும் பணத்தை விளக்கில் போடுவதா, தொட்டி நீரில் ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரில் போடுவதா என்று கேட்டார். என் வேவ்மேக்கர் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பியிருந்த நேரம் அது. முதலில் நீரோட்டத்தைச் சரிசெய்யுங்கள் என்று தயங்காமல் சொன்னேன். ஒளி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஜோவா சமாளித்துக்கொள்கிறது. தவறான நீரோட்டத்தை அதனால் அவ்வளவு எளிதில் சமாளிக்க முடிவதில்லை.

விளக்கைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நீல, வெள்ளை அலைவரிசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி மட்டுமே உள்ள எளிய எல்இடி அது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை எண்ணில் காட்டும் பார் மீட்டரை இரவல் வாங்கி அளந்ததில், பாலிப்கள் (கூட்டத்தின் தனித்தனி உயிர்கள்) 80 முதல் 120 வரை பெறும் உயரத்தில்தான் நன்றாக விரிந்து நிறம் காட்டின. பாறை நிழலில் 50க்கும் கீழே பெற்றவை ஒளியைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டன. உச்சியில் 200ஐத் தாண்டியவை குட்டையாகி நெருங்கி ஒடுங்கின. இரண்டுமே சாகவில்லை. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியில் பச்சை விளிம்பும் ஆரஞ்சு நடுவும் ஒளிரும் அழகு, நான் எதிர்பாராமல் பெற்ற மகிழ்ச்சி. புதிய விளக்கை மாட்டுபவர்கள் அதன் வலிமையைச் சில வாரங்களில் சிறிது சிறிதாக ஏற்றினால் போதும்.

நீரோட்டம் அப்படியல்ல. ஆழம் குறைந்த கடலோரப் பாறைகளில், அலை ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் நீர் புரளும் இடங்களில் பல ஜோவாந்திட் இனங்கள் செழிக்கின்றன. அவற்றுக்குப் பழக்கமானது திசை மாறும் ஓட்டம். தொட்டியில் ஒரே திசையிலிருந்து இடைவிடாமல் நீரைப் பாய்ச்சினால், எதிரே இருக்கும் பாலிப்கள் மூடிக்கொள்கின்றன. பின்பக்கம் நீர் தேங்கி, தண்டுகளுக்கு இடையே கழிவு படிந்து, அதன்மேல் பாசி ஏறுகிறது. ஒளி வலுவாக இருக்கையில் இந்தத் தேக்கம் இன்னும் கெடுதல். பாலிப்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையில் வெளியிடும் ஆக்சிஜன், அசையாத மெல்லிய நீர்ப்படலத்தைக் கடந்து போக முடியாமல் திசுக்களிலேயே மிகுந்து அவற்றை வருத்துகிறது. ஆகவே எவ்வளவு ஒளி தாங்கும் என்ற கேள்விக்கான விடையிலும் பாதி நீரோட்டத்திடமே இருக்கிறது.

நீரை விட்டுவிட்டுத் தள்ளும் என் வேவ்மேக்கரின் துடிப்பு முறை இதற்கென்றே அமைந்தது போன்றது. எதிர்க் கண்ணாடியை நோக்கித் திருப்பிவைத்து, துடிப்பின் இடைவெளியைச் சரிப்படுத்தியபோது, கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. முன்பு மூடியே கிடந்த பக்கமும் விரிந்தது. சத்தமே இல்லை. ஆனால் உப்புநீரில் சுண்ணாம்பு படிவதால் அதன் வேகம் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே வரும். மாதம் ஒருமுறை கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஊறவைப்பது கட்டாயம். தேய்ந்த சுழலிக்குப் பதில் புதியது போட்டு வந்ததும் முழு வேகம் திரும்பியதால், பழைய வேக எண்ணிலேயே ஓடியபோது ஜோவாக்கள் பல நாள் மூடிக் கிடந்தன. வேகத்தைப் பாதியாக்கிய பிறகே விரிந்தன.

பழுதுக்காகக் கழற்றுகையில், வேவ்மேக்கரைத் தொட்டிக் கண்ணாடியில் நிறுத்தும் காந்தப் பிடியின் மேல் படர்ந்திருந்த பாலிப்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. இதைச் செய்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். சுடுநீர் ஊற்றவே கூடாது. 1971இல் ஹவாயில், ஜோவாந்திட் வகையைச் சேர்ந்த பலிதோவா இனத்திலிருந்து பிரித்தறியப்பட்ட பாலிடாக்சின் மிகக் கொடிய நஞ்சு. எல்லா ஜோவாந்திட்களிலும் அது இருப்பதில்லை என்றாலும், நிறத்தைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

என் பொறுமையைத் தின்பது ஒன்றே. மின்சாரம் போய் வந்தால், வேவ்மேக்கரின் கட்டுப்பாட்டுப் பெட்டி துடிப்பு முறையை மறந்துவிட்டு, முழு வேகத்தில் ஒரே திசையில் நீரைப் பாய்ச்சத் தொடங்கிவிடுகிறது. எங்கள் பகுதியில் கோடையில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று கணக்கில்லை. வேலைக்குப் போயிருக்கும் நாளில் மின்வெட்டு வந்தால், மாலையில் முன்வரிசை முழுவதும் மூடிக் கிடக்கிறது. மணலும் பறந்து பாலிப்களின் மேல் விழுகிறது. பழுதுபார்த்தவர்களிடம் முறையிட்டேன், வடிவமைப்பே அப்படித்தான் என்றார்கள். அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியைக்கூடச் சேர்க்காமல், உயிர்கள் வாழும் தொட்டிக்கு என்று ஒரு கருவியை விற்பது பொறுப்பின்மை. இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. அந்தச் செலவையும் இதன் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், இந்த விலைக்கு இதைவிட நல்ல ஓட்டம் தரும் வேவ்மேக்கரை நான் பயன்படுத்தியதில்லை. இப்போது விலையும் இறங்கியிருக்கிறது. இருந்தும் நண்பரிடம் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். வேறு எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே துடிப்பு முறையில் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, அதே முறையில் திரும்ப ஓடுகிறதா என்று பார்த்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.