டைவர்ஸ் கேஸ் கீழ நடக்குது, நாம மலையில இருக்கோம்னா இதக் கொஞ்சம் படிங்க

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்னு மலையில இருந்துக்கிட்டு டைவர்ஸ் கேஸுக்காக கோயமுத்தூர், திருப்பூர் கோர்ட்டுக்கு அலையற பொண்ணுங்களுக்கும் அவங்க வீட்டாளுங்களுக்கும்தான் இத எழுதறேன். வக்கீல் "நீங்க வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்"னு சொன்னா அன்னைக்கே கேஸ் நம்பர வாங்கி நீங்களே போன்ல பாருங்க. என்கிட்ட அப்படிச் சொன்ன வக்கீல் எனக்காக ஒரு கவுண்டர், அதாவது பதில் மனு கூட போடல, நான் ஒரு வார்த்தை பேசாமலேயே எனக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு, அது எனக்கே தெரியாம நான் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துட்டு இருந்திருக்கேன்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரி ஆபீஸ்ல பில் போடற வேலை பாக்கறேன். கல்யாணம் நடந்தது கோயமுத்தூர்ல, அதனால வீட்டுக்காரர் அங்கயே கேஸ் போட்டாரு, நான் அவர கொடுமைப்படுத்தினேன்னு மனுவுல எழுதி. பொண்ணு ஸ்கூல் போறா, அவ பீஸுக்கு அவரு ஒரு பைசா அனுப்பினது இல்ல, அதெல்லாம் எதுவும் அந்த மனுவுல கிடையாது. சம்மன் வந்ததும் அம்மா பயந்து போய் சித்தப்பாவக் கூப்பிட்டாங்க, அவரு ஊர்க்காரர் ஒருத்தரக் கேட்டாரு, அந்த ஆளு மூலமா ஒரு வக்கீல் கிடைச்சாரு. அவரு பேர இங்க போடல, யாரு என்னன்னு வக்கீலுங்கள கண்காணிக்கற பார் கவுன்சில்ல குடுத்த புகார்ல எழுதியிருக்கேன்.

முதல் நாள் ஆபீஸ்ல நல்லாத்தான் பேசினாரு. "அம்மா, இது ஒண்ணுமே இல்லாத கேஸ், ஒடச்சிடலாம்"ன்னாரு. வக்காலத்துல கையெழுத்து வாங்கினாரு, கூடவே நாலஞ்சு வெத்துப் பேப்பர்லயும் வாங்கினாரு, கவுண்டர் டைப் பண்ணிக்கலாம், இதுக்காக நீங்க திரும்ப எறங்கி வர வேண்டாம்னு. பீஸ் 25,000, அதுல 10,000 ஜிபேல அனுப்பினேன், மிச்சத்த கையில குடுத்தோம். ரசீது கேட்டதுக்கு குமாஸ்தா "அதெல்லாம் கடைசியில மொத்தமா தருவோம்க்கா"ன்னாரு. அப்புறம் கேஸ ஊட்டிக்கே மாத்திடலாம், டிரான்ஸ்பர் பெட்டிஷனுக்கு தனியா 15,000 ஆகும்னாங்க. அம்மா வளையல அடகு வெச்சு குடுத்தாங்க.

டிரான்ஸ்பர்ங்கறது நிஜமாவே இருக்கற வழிதான், அதனால தான் நம்பினோம். வேற ஜில்லா கோர்ட்டுக்கு கேஸ மாத்தணும்னா மெட்ராஸ் ஹைகோர்ட்ல மனு போடணும், குழந்தைய வெச்சுட்டு தூரத்துல இருந்து வர முடியாத பொண்டாட்டிங்களுக்கு ஹைகோர்ட் அத நிறைய கேஸ்ல குடுத்தும் இருக்கு. ஆனா அந்த மனுவுக்குன்னு ஒரு நம்பர் விழும், அத ஹைகோர்ட் வெப்சைட்லயே பாக்கலாம். எங்களுக்கு வந்ததெல்லாம் வாட்ஸ்அப்ல "பைல் பண்ணியாச்சு, நம்பர் ஆக டைம் எடுக்கும்"னு ஒரே மெசேஜ் மட்டும்தான். ஐப்பசி கார்த்திகை மழையில மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சப்போ எல்லாம் நான் போன் பண்ணி வாய்தா இருக்கே சார்னு கேட்டா, "இந்த மழையில ஏம்மா சிரமப்படறீங்க, நான் டைம் கேட்டுக்கறேன்"னு சொல்லுவாரு. அக்கறையா பேசறாருன்னு அம்மா அவருக்கு ஒரு டப்பா டீத்தூள் கூட குடுத்து விட்டாங்க, இப்ப நெனச்சா எனக்கு பத்திக்கிட்டு வருது.

விஷயம் வெளிய வந்தது எங்க ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒரு அண்ணன் மூலமா. அவருக்கு ஒரு நிலத்தகராறு கேஸ் நடக்குது, அத ஈகோர்ட்ஸ்ங்கற ஆப்புல, கோர்ட் கேஸ் நிலவரம் பாக்கற ஆப் அது, தினம் பாப்பாரு. உன் கேஸ் என்னாச்சும்மா, குடு பாப்போம்னு எச்.எம்.ஓ.பி. நம்பரப் போட்டாரு, இந்து திருமணச் சட்டத்துல போட்ட கேஸோட நம்பர் அது. ஸ்கிரீன்ல "கேஸ் டிஸ்போஸ்டு"ன்னு வந்துச்சு, கீழ "அன்கன்டெஸ்டட், எக்ஸ்பார்ட்டி"ன்னு, அதாவது நான் வராமலேயே ஒரு தரப்பா கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு. அதுல ஒவ்வொரு வாய்தா தேதியையும் தொட்டா அன்னைக்கு கோர்ட்ல என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி வரும். கவுண்டருக்கு டைம், கவுண்டருக்கு டைம், கடைசி வாய்ப்பு, அப்புறம் "ரெஸ்பாண்டென்ட் கால்டு ஆப்சென்ட், செட் எக்ஸ்பார்ட்டி", அதாவது எதிர்தரப்பான என்னக் கூப்பிட்டும் வரலன்னு. அந்தத் தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அன்னைக்கு சாயந்தரம்தான் வக்கீல் போன்ல "இன்னைக்கு ஜட்ஜ் லீவும்மா, தேதி தள்ளிப் போயிருக்கு"ன்னு சொன்னாரு.

உடனே போன் பண்ணா எடுக்கல. சித்தப்பா நேர்ல போய் நின்னப்போ "பேலன்ஸ் பீஸ் கட்டுங்க, அப்பதான் பைல் தருவேன்"ன்னாரு. என்ன பேலன்ஸ்னு கேட்டா பதில் இல்ல. இந்த இடத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பீஸ் பாக்கி இருக்குன்னு சொல்லி கட்சிக்காரங்க பைலப் பிடிச்சு வெச்சுக்க வக்கீலுக்கு உரிமையே இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2000லயே ஆர்.டி.சக்சேனா கேஸ்ல சொல்லிடுச்சு. பாக்கி இருந்தா தனியா கேட்டு வாங்கலாம், பேப்பர மறைக்கக் கூடாது. அதே மாதிரி "ஜீவனாம்சம் வந்தா அதுல பத்துக்கு ரெண்டு எனக்கு"ன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தாரு, அதுவும் பார் கவுன்சில் விதிப்படி தப்பு. கேஸ் ரிசல்ட்ட வெச்சு பங்கு பேசறது, கெடைக்கற பணத்துல பர்சன்டேஜ் கேக்கறது எதுவுமே வக்கீலுங்க செய்யக் கூடாது. இது எனக்குத் தெரிஞ்சது ரொம்ப லேட்டா.

எனக்கு வழி காட்டினது ஊட்டியில இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. இத நம்ம ஊர்ல எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல, அதனால அழுத்திச் சொல்றேன். 1987ல வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 12ஆவது பிரிவுல பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச வக்கீல் உண்டு. எஸ்.சி., எஸ்.டி. ஆளுங்களுக்கும் அப்படித்தான், ஆம்பளைங்களா இருந்தாலும். சம்பளம் வாங்கறியே உனக்கு எதுக்குன்னு யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 15100ன்னு ஒரு நம்பர் இருக்கு, அதுல கூப்பிட்டாலும் வழி சொல்லுவாங்க. நான் ஊட்டியில எழுதிக் குடுத்தேன், அவங்க கோயமுத்தூருக்கு அனுப்பி அங்க ஒரு வக்கீலம்மாவப் போட்டுக் குடுத்தாங்க. ப்ரீயா வர்ற வக்கீல் சரியா பாக்க மாட்டாங்கன்னு எங்க சொந்தத்துல நிறைய பேர் சொன்னாங்க. 40,000 வாங்கின ஆளு கோர்ட்டு வாசப்படி ஏறல, இந்தம்மா ஒரு பைசா வாங்காம என்ன உக்கார வெச்சு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டு எழுதிக்கிட்டாங்க.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்ப ரத்து பண்ண 30 நாள்தான் டைம். சம்மன் முறையா வந்திருந்தா தீர்ப்புத் தேதியில இருந்து அந்த 30 நாள் ஓட ஆரம்பிச்சிடும், உங்களுக்குத் தெரியுமா தெரியாதாங்கறது கணக்கே இல்ல. எனக்கு அது தாண்டிப் போச்சு, அதனால தாமதத்த மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனுன்னு ரெண்டும் போட வேண்டி வந்துச்சு. இங்க எனக்குக் கை குடுத்தது அந்த ஜிபே ரெக்கார்டும் "ஜட்ஜ் லீவு"ன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி "அடுத்த தேதி அப்புறம் சொல்றேன்"னு அவரு போட்ட வாட்ஸ்அப் மெசேஜும்தான். கையில குடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. இதுக்கு நடுவுல வீட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாக்கறாங்கன்னு தெரிய வந்துச்சு. டைவர்ஸ் தீர்ப்புக்கு அப்பீல் பண்ண 90 நாள் இருக்கு, அந்த டைம் தாண்டி அப்பீலும் இல்லன்னா அவங்க மறுகல்யாணம் பண்ணிக்கலாம், அப்புறம் நம்ம நிலைமை ரொம்ப சிக்கலாயிடும். நல்லவேளையா அதுக்குள்ள எங்க மனுவோட நோட்டீஸ் அவருக்குப் போயிடுச்சு.

செலவுத்தொகைய என்ன கட்டச் சொல்லி ஜட்ஜ் மனுவ அனுமதிச்சாரு, கேஸ் திரும்ப உயிரோட இருக்கு. இப்ப கவுண்டர் போட்டாச்சு, இந்து திருமணச் சட்டம் 24ஆவது பிரிவுல இடைக்கால ஜீவனாம்சமும் கேட்டிருக்கோம். அதுக்கு ரெண்டு தரப்பும் சொத்து, சம்பளம், கடன் எல்லாத்தையும் அபிடவிட்ல, அதாவது பிரமாணப் பத்திரத்துல எழுதிக் குடுக்கணும்னு 2020ல ரஜ்னேஷ் - நேஹா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதே தீர்ப்புல ஜீவனாம்சத்த மனு போட்ட தேதியில இருந்து குடுக்கணும்னும் இருக்கு. அப்படின்னா பழைய வக்கீல் இத முதல் மாசமே போட்டிருந்தா என் பொண்ணுக்கு அத்தன மாசத்துப் பணமும் கணக்குல வந்திருக்கும். அவரு வாங்கின 40,000 கூட விட்டுத் தொலையலாம், ஆனா இந்தப் பணத்த யாரு திருப்பித் தருவாங்க?

கன்ஸ்யூமர் கோர்ட்ல போடுன்னு சிலர் சொன்னாங்க, அது நடக்காது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துல வராதுன்னு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. போக வேண்டிய எடம் சென்னை ஹைகோர்ட் வளாகத்துல இருக்கற தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்தான், வக்கீலுங்க சட்டம் 35ஆவது பிரிவுல புகார் குடுக்கலாம். நான் குடுத்துட்டேன். தீர்ப்பு நகல், ஈகோர்ட்ஸ்ல இருந்து எடுத்த வாய்தா விவரம், ஜிபே ஸ்கிரீன்ஷாட், மெசேஜ் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி வெச்சேன்.

இன்னொண்ணும் சொல்லணும். சம்மதத்தோட பிரியறவங்ககிட்ட "ஒரே மாசத்துல முடிச்சுத் தரேன், பத்திரத்துல எழுதி நோட்டரி சைன் போதும்"னு சொல்ற ஆளுங்க நம்ம பக்கமும் இருக்காங்க. நோட்டரி போட்ட பேப்பரால டைவர்ஸ் ஆகாது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடணும், அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டு 6 மாசம் கழிச்சு திரும்ப கோர்ட்ல சொல்லணும். அந்த 6 மாசத்த தகுந்த காரணம் இருந்தா கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல தீர்ப்பு இருக்கு, ஆனா அத பண்ண வேண்டியது ஜட்ஜ், புரோக்கர் இல்ல.

கேஸ் நடக்கறவங்க இன்னைக்கே ஈகோர்ட்ஸ் ஆப்ப இறக்கி பாருங்க. உங்க கேஸுக்குன்னு 16 எழுத்துல ஒரு சி.என்.ஆர். நம்பர் இருக்கும், அது தெரியலன்னா கோர்ட்டயும் வருஷத்தையும் போட்டு பேர வெச்சுத் தேடினாலும் வரும். வெத்துப் பேப்பர்ல கையெழுத்துக் கேட்டா டைப் பண்ணிட்டு வாங்க சார், படிச்சுட்டுப் போடறேன்னு சொல்லுங்க. பார் கவுன்சிலுக்கு நான் எழுதின புகாரோட காப்பி வெச்சிருக்கேன், எப்படி எழுதறதுன்னு தெரியாம யாராவது இருந்தா கேளுங்க, பேரெல்லாம் எடுத்துட்டு அனுப்பறேன்.