கீழடியும் கானாடுகாத்தானும் ஒரே நாளில்: சொந்தக் காரா, வழிகாட்டியோடா?

காலையில் வைகைக் கரையில் கீழடி, மதியத்துக்கு மேல் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீடு. காரைக்குடிக்கு வரும் சொந்தக்காரர்களை நான் கூட்டிப்போவது இப்படித்தான். போன வருடம் எங்கள் காரில் போனோம். இந்தத் தை மாதம் சின்னம்மா குடும்பத்தோடு, வழிகாட்டி வைத்து வேனில்.

காரில் செலவு பாதிதான், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கீழடிக்கு அதுவே போதும். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் விளக்கமெல்லாம் தமிழிலேயே இருக்கிறது. தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையும் அப்படித்தான், யார் போனாலும் பார்க்கலாம்.

கானாடுகாத்தானில்தான் சிக்கல், சாவிதான் காரணம். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. ஒரே வீட்டுக்குள் அவனை வேறு வைத்துவிடுவார்கள், அடுப்பும் தனி. அந்தப் புள்ளிகள் பெருகி, இன்று ஒரு வீடு பத்து இருபது பங்காளிகளுக்குச் சொந்தம். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். போன வருடம் வெயிலில் மூன்று தெரு சுற்றி, முகப்பையும் சுதைச் சிற்பங்களையும் வாசலில் நின்றே பார்த்தோம். ஒரு வீட்டில் மட்டும் கட்டணம் கொடுத்து நடுவில் முற்றம் உள்ள முதல் வளவு வரை போனோம்.

இந்தத் தடவை வழிகாட்டி முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். "அண்ணே, வந்துட்டோம்" என்றதும் காவல்காரர் சாவியோடு வந்தார். வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டு தாண்டி, அடுப்புகள் வரிசையாக இருக்கும் சமையல்கட்டு வரைக்கும் போனோம். நாலு பக்க ஓட்டுச் சரிவும் வளவுக்குள்தான் இறங்குகிறது. மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, மிச்சத்தைக் கிணற்றுக்கு விடுவார்களாம். வற்றாத ஆறு இல்லாத சீமை அல்லவா! ஆற்றங்கரைக் கீழடியில் காலையில் பார்த்த உறைகிணறு அங்கே எனக்கு நினைவு வந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரைச் சின்னம்மா தடவித் தடவிப் பார்த்தார். நான் உள்ளூர்க்காரி, இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது.

அதனால் என் ஓட்டு வழிகாட்டிக்கே. ஆனால் நான் போனது ஒரு தடவை, ஒருவரோடுதான். எல்லோருக்கும் இப்படிக் கதவு திறக்கும் என்று சொல்ல மாட்டேன். கைக்குழந்தை இருந்தால் வேன் நேரத்துக்கு ஓடுவது கஷ்டம், கார்தான் சரி. முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த வீடு, எந்தக் கட்டு வரை?